தறப்பாளால் மூடி வந்த மான்கள்

இறைச்சித் தொழிலில் ஆவுஸ்பில்டுங் என்னும் தொழிற்பயிற்சி தொடங்கியிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். உங்களில் சிலர் இந்த ஜெர்மன் நாட்டிலேயே பிறந்தவர்கள். சிலர் தமிழ்நாட்டிலிருந்து இதற்கென்றே விமானம் ஏறி வந்தவர்கள். அண்மையில் உங்களில் சிலரைப் பீலெஃபெல்ட்டில் சந்தித்தேன். எந்தக் கத்தி நல்லது, இரும்பு வலைக் கையுறை எந்த அளவில் வாங்க வேண்டும், சப்பாத்துக்குள் குளிர் ஏறாமல் இருக்க என்ன வழி என்று கேட்டீர்கள். ஒருவர் தன் புதுக் கத்தியைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருந்தார். நல்ல கத்திதான். ஆனால் மோசமான கத்தியால் கெட்டுப்போன இறைச்சியை நான் பார்த்ததில்லை. பயத்தால் கெட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன், அதுவும் பல தடவை.

தோலை எங்கே தொடங்கி உரிப்பது, எலும்பை எப்படி விடுவிப்பது என்பதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். அதை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. எனக்கு ஒரு நல்ல குரு இருந்தார், அவர் காலடியில் கற்றேன் என்று ஏதாவது வரும் என்று எதிர்பார்த்தால் அதுவும் இல்லை. என் மைஸ்டரிடம், அதாவது கடையை நடத்திய தலைமைத் தொழிலாளரிடம், நான் கற்றதெல்லாம் அவர் செய்யாமல் விட்டவற்றிலிருந்து கற்றதுதான். கை வேலையில் கெட்டிக்காரர். வாடிக்கையாளர் முன்னால் முதுகெலும்பு இல்லாதவர். ஒரு மனிதரில் இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்பதை நீங்களும் சீக்கிரம் காண்பீர்கள்.

எங்கள் கடை காட்டுக்கு அடியில் இருந்த ஒரு கிராமத்தில் இருந்தது. பீலெஃபெல்ட்டிலிருந்து பஸ் எடுத்துப் போய் வருவேன். வருடத்தில் பெரும்பாலும் பன்றியும் மாடும்தான். இலை உதிரத் தொடங்கியதும் வேட்டைக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். அவர்கள் சுட்ட மானையும் காட்டுப்பன்றியையும் நாங்கள் தோலுரித்து, எலும்பெடுத்து, குழம்புக்குத் துண்டு போட்டு, தொத்திறைச்சி செய்து, தொடையைப் புகையில் போட்டுக் கட்டிக் கொடுப்போம். கடைக்குப் பின்னால் அதற்கென்று தனிக் குளிரறை இருந்தது.

வேட்டைக்காரர்களில் ஒழுங்கானவர்கள் இருந்தார்கள். மிருகம் விழுந்தவுடன் குடலை எடுத்து, காற்றுப்பட வைத்து, குளிரவிட்டுக் கொண்டுவந்து தந்துவிட்டுப் பேசாமல் போவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மற்றவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பார்க்க வேண்டும். துவக்கு, அதாவது துப்பாக்கி, மிகத் திறமானது. தொப்பியில் இறகு. நாயின் கழுத்துப் பட்டியில் அது எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவி. வாகனம் சேற்றில் இறங்குவதற்காகவே வாங்கியது, ஆனால் சேறு பட்டால் அன்றே கழுவி விடுவார்கள். இவ்வளவும் இருக்கும். சுட்ட மானைத் தொங்கவிட ஒரு கொளுக்கி இருக்காது.

இன்னொரு கூத்தும் உண்டு. காட்டு மிருகத்தின் இறைச்சி கொஞ்சம் மணக்கத்தான் வேண்டும், அதுதான் அதன் உயர்ந்த சுவை என்று சொல்லுவார்கள். அதற்குப் பிரெஞ்சில் ஒரு பெயர்கூட வைத்திருக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்துப் பணக்காரர்கள் அழுகியதைத் தின்றுவிட்டு வெட்கத்தை மறைக்க வைத்த பெயர் அது. உங்களிடமும் யாராவது அந்தப் பெயரைச் சொல்லுவார். நீங்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மூக்கை நம்புங்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எங்களுக்கு நிறைய வேலை கொண்டு வருபவர் ஒருவர் இருந்தார். காட்டின் ஒரு பெரிய பகுதியை வேட்டைக்குக் குத்தகைக்கு எடுத்திருந்தவர். பட்டணத்தில் சமையலறைத் தளபாடம் விற்கும் பெரிய கடை வைத்திருந்தார். அதனால் நானும் என்னுடன் வேலை செய்த தவம் அண்ணையும் எங்களுக்குள் அவரைக் குசினிக்காரர் என்று சொல்லுவோம். மைஸ்டருக்கு அவர் என்றால் ஒரு நடுக்கம். அவர் தன் மிருகங்களை மட்டும் கொண்டு வருவதில்லை, நண்பர்களையும் அனுப்புவார். அவர் வேறு கடைக்குப் போனால் அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

அன்று அவர் பெரிய வேட்டை ஒன்று வைத்திருந்தார். நாய்களை விட்டுக் காட்டைக் கலைத்து, வரிசையாகக் காத்திருந்து சுடும் வேட்டை. கார்த்திகை மாதம், ஆனால் வெயில் எறித்தது. நான் குளிர் மேற்சட்டை இல்லாமல் பஸ்ஸுக்கு நடந்து போன நாள் அது. வேட்டை மதியத்துக்கு முன்னரே முடிந்துவிட்டது. சுட்ட மான்களில் ஆறை ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்கு நன்கொடையாகக் கொடுக்கப் போவதாக அவர் முன்பே அறிவித்திருந்தார். நாங்கள் அவற்றைத் துண்டு போட்டு, மிச்சத்தில் தொத்திறைச்சி செய்து கொடுக்க வேண்டும். இல்லத்தில் விருந்து நடக்கும். ஊர்ப் பத்திரிகைக்காரர் படமெடுக்க வருவார். எல்லாம் ஒழுங்கு செய்தாயிற்று.

மான்கள் வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. வாகனத்தின் பின்னால் இழுவைப் பெட்டி. அதன் மேல் தறப்பாள், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தார்ப்பாய் என்பீர்கள், இறுக்கிக் கட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் எங்கே நின்றது என்று கேட்டேன். விருந்தினர் மண்டபத்து முற்றத்தில் என்றார் குசினிக்காரர். வேட்டை முடிந்தால் எல்லோரும் கூடிச் சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டிருக்கிறார்கள், குடித்திருக்கிறார்கள், பேச்சுகள் பேசியிருக்கிறார்கள். மான்கள் வெளியே வெயிலில், தறப்பாளுக்குக் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன.

தறப்பாளை அவிழ்த்ததும் முகத்தில் சூடு அடித்தது. மிருகம் செத்த பிறகும் உடம்பின் சூடு உடனே போகாது. காற்றுப் படவிட்டால் போகும். மூடி அடுக்கினால் உள்ளேயே நின்று இறைச்சியை அவித்துவிடும். அதன் மணம் சாதாரண அழுகல் மணம் அல்ல. இனிப்பும் புளிப்பும் கலந்த ஒரு மணம், ஒருமுறை பட்டால் மறக்காது. மேலே கிடந்த மானைத் தூக்கினேன். தொடையிலிருந்த முடி கொத்தாக என் கையோடு வந்தது.

ஆறையும் உள்ளே கொண்டுபோய்த் தொங்கவிட்டோம். ஒன்றின் தோலை உரித்துத் தொடையை எலும்புவரை திறந்தேன். இறைச்சி செம்பு நிறம். எலும்பை ஒட்டிப் பச்சை. மற்ற ஐந்தையும் ஒவ்வொரு இடத்தில் வெட்டிப் பார்த்தேன். கூடக் குறைய இருந்தது, ஆனால் தப்பிய மான் ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எனக்கு மட்டும் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அறையில் நாலு பேர் நின்றோம். மைஸ்டர் பிறந்ததிலிருந்து இறைச்சிக்குள் வளர்ந்தவர். தவம் அண்ணை என்னைவிட நீண்ட காலம் அங்கே வேலை செய்தவர். குசினிக்காரர் வேட்டைப் பரீட்சை எழுதியவர், அதில் இதைத்தான் முதலில் படிப்பிக்கிறார்கள். எல்லோருக்கும் மூக்கு இருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லுவது என்பதுதான் கேள்வி.

ஆகவே ஒருவரும் சொல்லவில்லை. மைஸ்டர் விளக்கைப் பார்த்தார். குசினிக்காரர் காட்டு இறைச்சி என்றால் இப்படித்தான் என்று தொடங்கி, அந்தப் பிரெஞ்சுப் பெயரைச் சொன்னார். நான் எதிர்பார்த்துக் கொண்டுதான் நின்றேன்.

மைஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு வழி சொன்னார். முழுத் துண்டாகக் கொடுக்க வேண்டாம். வினாகிரித் தண்ணீரில் கழுவுவோம். மோசமான இடங்களை வெட்டி எறிவோம். மிச்சத்தை அரைத்து, பன்றிக் கொழுப்புச் சேர்த்து, மிளகும் உள்ளிப்பூண்டும் தாராளமாகப் போட்டுத் தொத்திறைச்சி செய்வோம். புகையில் போட்டால் ஒன்றும் தெரியாது என்றார்.

ஒன்றும் தெரியாது என்ற சொல்லை உங்கள் வேலை நாட்களில் அடிக்கடி கேட்பீர்கள். சாப்பிடுகிறவருக்குத் தெரியாது என்பதுதான் அதன் பொருள். சொல்லுகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் வெட்ட மாட்டேன் என்றேன். சத்தம் போடவில்லை. இது உண்ண ஏற்றதல்ல, சட்டமும் அப்படித்தான் சொல்கிறது, அரச மிருக வைத்தியர் வந்து பார்க்கட்டும் என்றேன். சனிக்கிழமை பின்னேரம் யார் வருவார் என்றார் மைஸ்டர். அவசரத்துக்கு ஒருவர் இருப்பார், நான் தொலைபேசி எடுத்துக் கேட்கிறேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“எடுப்பதானால் எடுங்கள். திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம்.”

பிறகு தவம் அண்ணையின் பக்கம் திரும்பி, அரைக்கும் இயந்திரத்தைப் பூட்டி ஆயத்தம் செய்யச் சொன்னார்.

அப்போது என் வீட்டுக்காரர் முதுகு நோவால் வேலைக்குப் போகாமல் இருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடத்தில். வீட்டில் வந்து கொண்டிருந்தது என் சம்பளம் மட்டும்தான். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்படியான நாளில்தான் இப்படியான மான் வரும் என்பதற்காகச் சொல்கிறேன். வசதியான நாளில் வராது.

தவம் அண்ணை கத்தியை எடுத்துத் தீட்டத் தொடங்கினார். நான் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். தமிழில் பேசினால் அவர்கள் இருவருக்கும் விளங்காது.

“அண்ணை, வெட்டப் போறீங்களோ?”

“பிள்ளை, எங்களுக்கேன் இந்தத் தொல்லை? அவை சுட்டவை, அவை குடுக்கினம், அவையின்ர சனம் சாப்பிடப் போகுது. நாங்கள் வெட்டுறம், அவ்வளவுதான்.”

“மணக்குதோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

“மணக்குதுதான். மணக்குது எண்டு சொல்லுறதுக்கோ எங்களுக்குச் சம்பளம் தாறாங்கள்?”

“ஓம் அண்ணை. அதுக்குத்தான்.”

அவர் தீட்டிய கத்தியையே திரும்பவும் தீட்டினார்.

குசினிக்காரரிடம் போனேன். மரியாதையாகத்தான் பேசினேன். என் ஜெர்மன் மொழி கோபத்தில் உடைந்துவிடும், ஆகவே மெதுவாகச் சொன்னேன்.

“ஐந்து மானை இல்லத்துக்குச் செய்கிறோம். ஆறாவதை உங்கள் வீட்டுக்குக் கட்டித் தருகிறேன். நாளைக்குச் சமைத்துச் சாப்பிடுங்கள்.”

அவர் தொங்கிய மான்களைப் பார்த்தார். தன் சப்பாத்தைப் பார்த்தார். வேட்டைக்கென்று ஒரு காட்டையே குத்தகைக்கு எடுத்து வைத்திருந்த மனிதர் சொன்னார்:

“எங்கள் வீட்டில் மான் இறைச்சி சாப்பிடுவதில்லை.”

அவ்வளவுதான். எந்தப் பரிசோதனைக் கூடமும் அதைவிடத் தெளிவாக முடிவு சொல்லியிருக்காது. நான் மைஸ்டரைப் பார்த்தேன். கேட்டீர்கள்தானே என்று பார்த்தேன். அவர் கேட்டார். கேட்டும் விளக்கைத்தான் பார்த்தார்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தெளிவாகியது. இந்த மனிதரோடு இன்னும் பேசிக்கொண்டிருந்தால் இயந்திரம் ஓடத் தொடங்கிவிடும். அரைத்த பிறகு நான் யாரைக் கூப்பிட்டு என்ன காட்டுவது? செம்பு நிறமும் பச்சையும் கொழுப்புக்குள் கலந்துவிடும். மணத்தை மிளகு பார்த்துக்கொள்ளும். வைத்தியர் ஓடி வந்தாலும் அழகான தொத்திறைச்சிதான் அவருக்குத் தெரியும். மான் மானாக இருக்கும்வரைதான் நேரம். தொலைபேசியை எடுத்து, காத்திருந்து, விலாசம் சொல்லி விளக்குவதற்கு அந்த நேரம் போதாது.

அறையின் மூலையில் கழிவுத் தொட்டி இருந்தது. சக்கரம் பூட்டிய பெரிய தொட்டி. காலையில் வந்த காட்டுப்பன்றிகளின் குடலும் தோலும் அதற்குள் கிடந்தன. அதற்குள் ஒன்று விழுந்தால் திரும்பி எடுக்க முடியாது. சட்டமும் விடாது, மணமும் விடாது.

நான் முதல் மானைக் கொளுக்கியிலிருந்து கழற்றினேன். இந்த ஊர்ச் சின்ன மான் பெரிய பாரமில்லை, குடல் எடுத்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாரம் வரும். தோளில் சாய்த்துக் கொண்டுபோய்த் தொட்டிக்குள் தள்ளினேன். திரும்பி வந்து இரண்டாவதைக் கழற்றினேன்.

குசினிக்காரர் அது தன் சொத்து என்றார். மைஸ்டர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், பிறகு இன்னொரு முறை கூப்பிட்டார். நான் மூன்றாவதைக் கழற்றினேன். கொளுக்கி வழுக்கி என் மணிக்கட்டைக் கீறியது. நிறுத்தினால் திரும்பத் தொடங்கமாட்டேன் என்று தெரிந்ததால் நிறுத்தவில்லை.

அந்த அறையில் மூன்று ஆண்கள் நின்றார்கள். மூவரும் என்னைவிட உயரம், என்னைவிடப் பலம். ஒருவர் தொட்டியின் மூடியைச் சாத்தியிருந்தால் போதும். ஒருவர் என் முன்னால் வந்து நின்றிருந்தால் போதும். அந்த இறைச்சி நல்லது என்று அவர்களில் யாராவது உண்மையாக நம்பியிருந்தால் அப்படித்தான் செய்திருப்பார். ஒருவரும் அசையவில்லை. சொத்து, வேலை, மரியாதை என்று வாயால் சொன்னார்கள். கையை ஒருவரும் நீட்டவில்லை. ஆறாவது மான் விழும்வரைக்கும் அப்படியே நின்றார்கள். எனக்கு அவர்களில் கோபம்கூட வரவில்லை. அறையில் கிடந்த மூன்று கதிரைகளைச் சுற்றிக்கொண்டு போவதுபோலப் போய் வந்தேன்.

முடிந்ததும் கையைக் கழுவி, உடுப்பு மாற்றும் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். வீட்டில் என்ன சொல்லுவது என்று யோசித்தேன். வேறு கடைகளில் எங்கே ஆள் தேவைப்படும் என்று யோசித்தேன். நான் செய்தது சரியா என்று மட்டும் யோசிக்கவில்லை. அந்த மணம் இன்னும் என் சட்டையில் இருந்தது.

குசினிக்காரர் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனது கேட்டது. கொஞ்ச நேரத்தில் குளிரறைக் கதவு திறக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். மைஸ்டர் அந்த வாரம் வேறொருவர் ஒழுங்காகக் கொண்டுவந்த மான்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். ஒரு உணவகத்துக்கென்று வைத்திருந்தவை அவை. தவம் அண்ணையிடம் இவற்றை இல்லத்துக்கு வெட்டு என்று சொன்னார். குரல் பழையபடி மைஸ்டரின் குரலாக இருந்தது. சுறுசுறுப்பாக, கட்டளையாக. பயந்த மனிதருக்குப் புத்தி சொல்லி வேலையில்லை. தெரிவு செய்ய ஒன்றும் மிஞ்சாமற் செய்துவிட்டால் அவர் தன்பாட்டில் நிமிர்ந்து நல்ல வேலை செய்வார்.

திங்கட்கிழமை நான் போனேன். வர வேண்டாம் என்று அவர் திரும்பச் சொல்லவில்லை. ஒரு எழுத்து எச்சரிக்கை தந்தார், வாடிக்கையாளரின் பொருளை அழித்ததற்காக. நான் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அது உண்மைதானே. ஏன் அழித்தேன் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை.

முதியோர் இல்லத்து விருந்து நன்றாக நடந்தது. பத்திரிகையில் படம் வந்தது. பெரிய பானைக்குப் பின்னால் குசினிக்காரர் அகப்பையோடு நிற்கிறார். அவருடைய வேட்டையின் மான் இறைச்சியை முதியவர்கள் மிகவும் ரசித்துச் சாப்பிட்டதாகக் கீழே எழுதியிருந்தது. அவர் சுட்ட மான்களில் ஒரு துண்டுகூட அந்தப் பானைக்குள் இல்லை. மைஸ்டர் அந்தப் பக்கத்தை வெட்டிக் கடையில் ஒட்டினார். பின்னுக்கு ஒட்டவில்லை, வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் ஒட்டினார்.

அடுத்த கோடையில் ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேர்த் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வாய்க்கால் பக்கம் கடைகள் போட்டிருந்த இடத்தில் தவம் அண்ணை நாலைந்து பேருக்கு நடுவில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

“விடேலுமோ? கிழடு கட்டையள் சாப்பிடுற சாப்பாடு. நாங்கள் யோசிக்கேல்லை. தூக்கிக் கொட்டிப்போட்டம்.”

நான் முன்னால் வந்தேன்.

“அண்ணை, நீங்கள் முன்னங்கால் பிடிச்சனீங்களோ, பின்னங்கால் பிடிச்சனீங்களோ?”

அவர் கொஞ்சமும் தடுமாறவில்லை.

“ஆர் பிடிச்சால் என்ன பிள்ளை. விழுந்ததுதானே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரோடு இன்னும் நீண்ட காலம் ஒரே மேசையில் வேலை செய்தேன். நல்ல வேலைக்காரர். கடினமான நேரத்தில் எனக்குப் பக்கத்தில் சுவர் இருந்தாலும் ஒன்றுதான், அவர் இருந்தாலும் ஒன்றுதான்.

குசினிக்காரர் ஒரு பருவம் வேறு கடைக்குப் போனார். பிறகு திரும்பி வந்தார். ஏன் வந்தார் என்று மைஸ்டர் கேட்கவில்லை. வரும்போது இழுவைப் பெட்டி புதிது. உள்ளே கொளுக்கிகள், குளிரூட்டி, வெளியே அவருடைய கடையின் பெயர் பெரிய எழுத்தில். மான்கள் ஒன்றோடொன்று முட்டாமல் தொங்கிக்கொண்டு வந்தன. இறைச்சி கடும் சிவப்பாக, இறுக்கமாக, காட்டு இலையின் மணத்தோடு இருந்தது. என்னை அவர் பார்க்கவில்லை. நானும் மானைத்தான் பார்த்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அந்தப் பருவத்தின் இறுதியில் வேட்டைக்காரர் சங்கம் கூட்டம் வைத்தது. எங்கள் கடை சாப்பாடு கொடுத்தது. நான் மண்டபத்தின் பின்பக்கம் நின்று புகையில் போட்ட காட்டுப்பன்றித் தொடையை மெல்லியதாகச் சீவிக்கொண்டிருந்தேன். குசினிக்காரர் மேடையில் ஏறி இறைச்சியின் சுத்தம் பற்றிப் பேசினார். சூடான மானை மூடி அடுக்குவது எவ்வளவு பெரிய குற்றம், அப்படிச் செய்கிறவர்களுக்குத் துவக்குத் தூக்கும் தகுதியே இல்லை என்றார். குரல் உயர்ந்தது. நன்றாகக் கை தட்டினார்கள். மைஸ்டர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து தட்டினார்.

பேசி முடித்து அவர் தட்டோடு என் மேசைக்கு வந்தார். இறைச்சி வேலை செய்கிறவர்களுக்குத்தான் இது முக்கியம், சூடாக இருக்கும்போது ஒருபோதும் அடுக்கக்கூடாது, தெரியும்தானே என்று என்னிடம் கேட்டார். சொல்லித் தந்ததற்கு நன்றி என்றேன். தொடையின் நுனியில் காய்ந்து இறுகிப்போய், நாய்க்குப் போடுவதற்கென்று ஒதுக்கி வைத்திருந்த துண்டை எடுத்து அவருடைய தட்டில் வைத்தேன்.

வாயில் போட்டு நீண்ட நேரம் சப்பினார். மிகவும் நன்றாக இருக்கிறது என்றார்.